மானுக்குப் போய் மீனோடு திரும்பினோம்: அரியலூர், பெரம்பலூர் வேட்டைச் சீட்டுப் பயணம்

முதலில் நம் வீட்டுச் செய்திகள். மூத்த மகன் வயிற்றுப் பேரன் சவரிமுத்து குருப்பட்டம் வாங்கிச் சாமியார் ஆகிவிட்டான். ஆகிவிட்டார் என்று எழுத வேண்டும். கைக்கு இன்னும் பழகவில்லை. அவருக்கு இளையவள் ரெஜினா திருச்சியில் உபாத்தியாயினி வேலைக்குப் படிக்கிறாள். இந்தக் கையெழுத்துப் பத்திரிகையை முத்து முத்தாக எழுதி மாதாமாதம் சொந்தக்காரர், சிநேகிதர் வீடுகளுக்குச் சுற்றுக்கு விடுகிறவளும் அவள்தான். என் கட்டுரையை நகல் எடுக்கும்போது தன்னைப் பற்றிய வரியை அடித்துவிடக் கூடாது என்று இங்கேயே கண்டிப்பாகச் சொல்லி வைக்கிறேன். அடுத்தவன் சூசை ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினான். மகள் வயிற்றுப் பேத்தி பிலோமினா கோயில் பாட்டுப் போட்டியில் பித்தளைச் செம்பு வாங்கினாள். கடைக்குட்டி இன்னாசி பத்து மாதத்தில் நடந்துவிட்டான். அதுவும் ஒரு தேர்ச்சிதான்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன். பட்டம் வாங்கிய சாமியார் தன் சொந்த ஊர்க் கோயிலில் வைக்கும் முதல் பூசையைப் புதுப்பூசை என்போம். சவரிமுத்து சாமியாரின் புதுப்பூசை இந்த வைகாசியில் ஒரு வியாழக்கிழமை என்று முடிவானது. ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே இரண்டு மைலில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஊர் முழுவதற்கும், சாதி சமயம் பாராமல், விருந்து போட வேண்டும். உலகச் சண்டை முடிந்தும் அரிசிக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் இன்னும் ரேஷன் சீட்டுத்தான். அரிசியை ஊரார் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துச் சேர்த்துவிட்டார்கள். கறிக்குத்தான் வழியில்லை. மாசியில் வந்த நோயில் பட்டி பட்டியாக ஆடு செத்துப்போயிருந்தது.

இந்த நேரத்தில்தான் என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை அருளப்பன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டு, "ஆடு இல்லாட்டி என்னங்கறேன்? எங்க வூட்டுப் புதுப்பூசைக்கு மான் கறி!" என்று சொல்லிவிட்டார். ஊர் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளையின் குரல் அப்படி.

நான் சத்தம் போட வாயைத் திறந்தேன். பிறகு யோசித்தேன், மான் என்றால் ஒரு வகையில் நல்லதுதான். லப்பைக்குடிக்காட்டு மஸ்தான் ராவுத்தர் என் வீட்டுக்காரருக்கு வேட்டைச் சிநேகிதர். சவரிமுத்துவுக்கு ஆறு வயதில் பாம்பு கடித்தபோது, வண்டி கட்ட நேரமில்லை என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வைத்தியர் வீட்டுக்கு ஓடினவர். என் வீட்டுக்காரர் காலமான பிறகு எங்கள் ஊருக்கு வருவதையே விட்டுவிட்டார். இப்போது பேரன் பட்டத்துக்கு முன்னால் எனக்கு எழுதியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: "அப்பத்தா, எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ராவுத்தர் மாமா முதல் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் சாப்பிடுவதையே சாப்பிட வேண்டும்." ராவுத்தரிடம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருக்கிறது. அவரே சுட்டு, அவரே ஓதி அறுத்தால் அவருக்கும் ஆகும், நமக்கும் ஆகும். பெரம்பலூரில் வந்து சேர்ந்துகொள்ளும்படி அவருக்குக் கார்டு போட்டேன்.

திங்கட்கிழமை விடியும் முன்பே நானும் மாப்பிள்ளையும் கிளம்பினோம். ஊரிலிருந்து திருமானூருக்கு ஏழு மைல், மாட்டு வண்டி. அங்கிருந்து அரியலூருக்குப் பஸ், தலைக்கு ஏழணா. போகிறவர்கள் கறுப்பு அல்லது பழுப்புச் சேலை கட்டிக்கொள்வது நல்லது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் எல்லாப் பஸ்ஸுக்கும் பின்னால் கரி அடுப்பு மாட்டியிருக்கிறார்கள். கிளம்பும் முன் கிளீனர் ஊதுசக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அடுப்பை மூட்ட வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்தால் பலகாரம் சுடும் வீட்டில் உட்கார்ந்த மாதிரி. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். பெண்கள் உட்கார்ந்திருக்கலாம், அந்த ஒரு மரியாதை உண்டு.

அரியலூரில் முதலில் போனது சப்கலெக்டர் கச்சேரி. மான் சுட எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டோம். வாசலில் இருந்த டவாலிச் சேவகர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"துப்பாக்கி வச்சிக்கிறதுக்குத்தான் இங்க லைசென்ஸ். எதைச் சுடுறதுங்கறது காட்டிலாகா. பெரம்பலூர் போங்க" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?" என்றார் மாப்பிள்ளை.

"கத்தி வாங்குற கடையிலயேவா கறியும் வாங்குவீங்க?"

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இந்த விஷயத்தில் நான் முதலில் கற்றுக்கொண்ட பாடமும் இதுதான். துப்பாக்கிச் சீட்டு வேறு, வேட்டைச் சீட்டு வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் இருபது மைல், பத்தணா. இரண்டு இடத்தில் அடுப்பு அணைந்து, ஒரு இடத்தில் தள்ளி, சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். தங்குவதற்கு அங்கே உபதேசியார் வீடு தெரிந்த வீடு. தெரிந்தவர் இல்லாதவர்களுக்குச் சத்திரம் இருக்கிறது, ஆனால் பாய் தலையணை கையோடு கொண்டு போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் நிற்கும் இடத்தில் ராவுத்தர் வந்து இறங்கினார். தாடி முக்கால்வாசி வெளுத்திருந்தது. கையில் ஒரு கோரைப் பாய்ச் சுருள். அவருக்குப் பின்னாலேயே கண்டக்டரும் இறங்கி, பஸ்ஸின் பின்பக்கத்து ஏணியைக் காட்டினார்.

"பாயை உள்ளாற கொண்டாந்துட்டீங்களே பாய், மேல போட்டிருக்கலாம்ல? என்னா இருக்கு அதுல?"

"துப்பாக்கி."

"காலங்காத்தால தமாஷ் பண்ணாதீங்க" என்று கண்டக்டர் பாயை ஓரமாக விலக்கிப் பார்த்தார். உடனே விலகின ஓரத்தை மெதுவாக மூடி, "நல்லாச் சுருட்டிக்கிங்க, காத்து அடிக்குது" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

ராவுத்தர் என்னைப் பார்த்ததும் பாய்ச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே வந்தார். பிறகு, "சவரிப்பயல் சாமியாராயிட்டானாமே அக்கா? புளியம்பழம் திருடுன பயலாச்சே!" என்று சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

காட்டிலாகா ஆபீஸ் கடைத்தெருவைத் தாண்டி நடக்கும் தூரம்தான். ஆனால் கிளார்க் ஐயா வருவதற்குப் பதினொரு மணி ஆகிவிட்டது. துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்றதால் ராவுத்தர் தன் லைசென்ஸை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். எங்கள் முறை வருவதற்குள் லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் போய்விட்டார். பின்னால் வந்த எல்லாச் சிரிப்புக்கும் காரணம் இதுதான்.

கிளார்க் ஐயா நல்ல மனிதர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "மானா? எந்த மாசத்துல வந்து மான் கேக்குறீங்க பாட்டி?" என்றார்.

"வைகாசி மாசத்துலதானுங்க."

"அதைத்தான் கேக்குறேன். இப்ப மானுக்குத் தடை. அது குட்டியும் கொம்புமா இருக்கிற காலம். பொட்டை மான் எந்தக் காலத்துலயும் கூடாது. கெடா மானும் சீசன் தொறந்தாத்தான்."

"முயலு?"

"கூடாது."

"கவுதாரி?"

"அது முட்டை வைக்கிற நேரம் பாட்டி. நீங்க பிள்ளை பெத்தவங்கதானே?"

மாப்பிள்ளை விடவில்லை. பேரன் சாமியார், ஊருக்கே முதல் சாமியார், கோயில் வாசலில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று ஒரு பிரசங்கமே செய்தார். கிளார்க் ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எப்பவும் தடையில்லாதது ஒண்ணு இருக்கு. பச்சமலை அடிவாரத்துல கடலைக் கொல்லையெல்லாம் அழிச்சுப்புட்டுது. எத்தினி சுட்டாலும் சர்க்காருக்குச் சந்தோசம். எழுதட்டுமா?" என்றார்.

"எழுதுங்க!" என்று நானும் மாப்பிள்ளையும் ஒரே குரலில் சொன்னோம்.

நம் பக்கத்தில் அதன் ருசி தெரியாதவர் யார்? மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தால் ஒரு தெரு தள்ளி மணக்கும். என் மனதில் அப்போது அண்டாதான் இருந்தது. பந்தியில் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்பது இல்லை. எட்டணா ஸ்டாம்பு ஒட்டி, இரண்டு ரூபாய் கட்டி, ராவுத்தர் லைசென்ஸைப் பார்த்து அவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், துப்பாக்கி நம்பர் எல்லாம் ஒழுங்காக எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

ராவுத்தர் தொழுதுவிட்டு, முகத்தில் ஈரம் காயாமல், மரத்தடிக்கு வந்திருந்தார். "கெடச்சுதா அக்கா?" என்றார். நான் பெருமையாகச் சீட்டை நீட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "லப்பைக்குடிக்காடு... மஸ்தான் ராவுத்தர்... பச்சமலை அடிவாரத்தில்... காட்டுப்..." அதோடு நிறுத்திவிட்டார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, மரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் மயக்கம் வந்துவிட்டதோ என்று பயந்தேன். சிரிக்கிறார்! சத்தம் வராமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறார்.

"தவ்பா தவ்பா! எங்க அத்தா பேரையும் சேத்துல்ல எழுதி வாங்கியாந்திருக்கீங்க! இதை எடுத்துக்கிட்டு நான் எப்புடிக்கா ஊருக்குள்ள போவேன்? மஸ்தான் பன்னி சுட லைசென்ஸ் வாங்கிட்டான்னு பள்ளிவாசல்ல பலகை போட்டு எழுதிருவானுங்களே!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மாப்பிள்ளை, "சுடறது மட்டும் நீங்க சுடுங்க பாய், தூக்கறது நாங்க தூக்கிக்கிறோம்" என்றார்.

"கொல்லைய அழிக்கிறதுன்னா சுடுறதுல குத்தமில்ல மாப்பிள்ள. சுட்டுத் தரேன். தொட மாட்டேன், அவ்வளவுதான். பூசைக்கும் வரேன். கோயில் வாசல்ல நின்னு பையனைப் பாத்துட்டு, பந்திக்கு முன்னால கெளம்பிடுறேன். நீங்க மனசு சங்கடப்படாதீங்கக்கா."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் 'பந்திக்கு முன்னால' என்ற சொல் என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பேரன் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கே பூட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"வேணாம் தம்பி. பன்றி வேணாம். நீங்க சாப்பிடாத சாப்பாடு அன்னிக்கு எங்க வூட்ல கெடையாது" என்றேன்.

சீட்டைத் திருப்பிக் கொடுக்க மறுபடி உள்ளே போனேன். கிளார்க் ஐயாவுக்குக் காரணத்தைச் சொன்னதும் அவரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கட்டிய பணம் திரும்பாது என்றார். ஆனால், பயன்படுத்தாத சீட்டையும் இப்படித் திருப்பி ஒப்படைத்துவிடுவதுதான் முறை, வீட்டில் வைத்திருந்தால் எந்த விலங்கைச் சுட்டீர்கள் என்று பின்னால் கேள்வி வரும் என்றும் சொல்லிக் கொடுத்தார்.

அன்று மாலைப் பஸ்ஸில் மூன்று பேரும் அரியலூர் திரும்பினோம். வழியில் மாப்பிள்ளை என் காதோரம் குனிந்தார். அவர் குனிந்து பேசினாலும் டிரைவருக்குக் கேட்கும்.

"அத்தை, ஒரு யோசனை. சுண்ணாம்புக்கல் குழியில நம்ம சேக்காளி ஒருத்தன் இருக்கான். பாறைக்கு வைக்கிற தோட்டா ரெண்டே ரெண்டு. நம்ம ஏரியில போட்டா மீனெல்லாம் வெள்ளையா மெதக்கும்."

ராவுத்தர் முன் சீட்டிலிருந்து திரும்பினார். "மாப்பிள்ளையும் சேந்து மெதப்பாரு. அதுக்கப்புறம் மெதக்காதவங்களைப் போலீஸு புடிக்கும். வெடியும் வெஷமும் தண்ணியில போடப்படாதுன்னு சட்டம் இருக்கு."

பஸ் முழுக்கச் சிரித்தது. ஆனால் மாப்பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். மீன் என்ற நினைப்பை எனக்குக் கொடுத்துவிட்டார். "தம்பி, மீனு?" என்று கேட்டேன்.

"மீனுக்குக் கத்தி வேணாம், ஓத வேணாம். தண்ணிய விட்டு வந்துட்டாலே அது எங்களுக்கு ஆகும்" என்றார் ராவுத்தர்.

அன்றிரவு அரியலூரில் மாப்பிள்ளையின் அண்ணன் வீட்டில் தங்கினோம். புதன்கிழமை காலை தாலுகாக் கச்சேரி திறந்ததும் முதல் ஆளாக நான் நின்றேன். அங்கே தெரிந்துகொண்டது இது: ஏரி மீனுக்கு ஆண்டுதோறும் ஏலம். ஏலம் எடுத்த குத்தகைக்காரர் சம்மதம் இல்லாமல் யாரும் வலை போடக் கூடாது. குத்தகைக்காரரும் நினைத்தபோது ஊருக்கு ஏரியைத் திறந்துவிட முடியாது. மணியக்காரரிடம் சொல்லி, முதல் நாள் தண்டோரா போட வேண்டும். மாடு கன்றுக்குத் தண்ணீர் விட்டு வைக்க வேண்டும். மற்றதெல்லாம் ஊர் வழக்கப்படி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பஸ் பிடித்து, திருமானூரில் வண்டி கட்டி, பொழுது சாய ஊர் வந்தோம். ராவுத்தர் துப்பாக்கியை என் அரிசிக் குதிர் இருக்கும் அறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். லைசென்ஸ் உள்ளவர் கையில்தான் சாவி இருக்க வேண்டுமாம்.

எங்கள் ஏரியின் குத்தகைக்காரர் கலியபெருமாள். கோடையில் தண்ணீர் வற்றியதும் அவர் வலை முதலில் இறங்கும். பிறகு ஒரு நாள் ஊருக்குத் திறந்துவிடுவார். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் அடியில்லாத ஊத்தாக் கூடை கொண்டு வந்து கவிழ்த்துப் பிடிக்கலாம். கலியபெருமாள் அடுத்த வாரம்தான் வலை இறக்குவதாக இருந்தார். மணியக்காரர் காதில் போட்டுவிட்டு, கலியபெருமாள் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார்.

"தொறந்து விடுறேன் பெரியம்மா. சாமி நம்மூருப் புள்ளை. கலுங்கலு பக்கத்து மடுவைக் கவுறு கட்டி மாட்டுக்கு வுட்டுருவோம். மேக்கால பாதியில எறங்கட்டும். என் வலைய அடுத்த வாரம் மடுவுல பாத்துக்கிறேன். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க."

"கோயில் வாசல்ல மான் கறின்னு சொன்னாருல்ல உங்க மாப்பிள்ளை, என்னையப் பாத்து 'ஒங்க அயிரை மீன நீங்களே வச்சிக்கிங்க'ன்னும் சொன்னாரு. நீங்க கேக்கல போலிருக்கு. தண்டோராக்காரரோட அவரே தெருத் தெருவா வரணும். அந்தத் தொண்டையாலதான் சொல்லணும்."

மாப்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பந்தியில ராவுத்தர் இல்லாட்டி சவரி என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டான் அத்தை" என்று சொல்லி எழுந்தார். அடுத்த அரை மணியில் ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. தப்பட்டைச் சத்தம் ஒரு பக்கம், மாப்பிள்ளை குரல் ஒரு பக்கம்.

"ஊர் சனங்களுக்கு அறிவிக்கிறது என்னன்னா, மான் கறி கெடையாது! மானுக்குச் சர்க்கார் தடை! நாளைக்கு விடியக்காலம் கலியபெருமாள் அண்ணன் ஏரியைத் தொறக்குறாரு! மேக்கால பாதிதான்! புடிக்கிறதுல பாதி புதுப்பூசை விருந்துக்கு! அயிரை மீனும் சேத்திதான்!"

கடைசி வரியைக் கலியபெருமாள் வீட்டு வாசலில் மூன்று தரம் சொன்னாராம். அவர் சிரித்துக்கொண்டே மாப்பிள்ளைக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாராம்.

வியாழன் விடியலில் ஏரிக்கரை கொள்ளாத கூட்டம். வெளியூர்க்காரர்கள் இதை ஒரு தரம் பார்க்க வேண்டும். ஆனால் எங்கள் ஏரியில் அன்று நடந்தது வேறெங்கும் நடந்திருக்காது. வேதக்காரர்களான நாங்கள் பூசையில் நன்மை என்ற திருஅப்பம் வாங்க வேண்டுமானால் நடுராத்திரிக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே போகக் கூடாது. அன்றைக்கோ பேரனின் முதல் பூசை, அவர் கையாலேயே நன்மை. அதனால் ஏரியில் இறங்கிய எங்கள் ஆட்கள் எல்லாரும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்கள். மற்றவர்கள் "இந்தா போவுது! வுடாத! அமுக்கு!" என்று கத்துகிறார்கள். எங்கள் ஆட்கள் விரால் காலுக்கிடையில் ஓடினாலும் "ம்ம்! ம்ம்!" என்கிறார்கள்.

திறப்பதற்கு முன்னால் கூட்டத்தில் ஒருவர், "ராவுத்தர் துப்பாக்கியால மேல ஒரு வெடி போட்டுத் தொறந்து வச்சா எப்புடி இருக்கும்!" என்றார். ராவுத்தர் கையெடுத்துக் கும்பிட்டார். "பயிரைக் காக்கத்தான் எனக்கு லைசென்ஸு குடுத்திருக்கான். கொண்டாட்டத்துக்குச் சுட்டேன்னா அதோட சரி, துப்பாக்கியும் போவும் நானும் போவேன்." கலியபெருமாள் யோசித்தார். வழக்கமாக அவர்தான் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசி ஏரியைத் திறப்பார். அந்தத் துண்டை எடுத்து ராவுத்தர் கையில் கொடுத்தார். "நீங்க வீசுங்க பாய். உங்களாலதானே இன்னிக்குத் தொறக்குது."

ராவுத்தர் பிஸ்மில்லா சொல்லித் துண்டை வீசினார். ஏரியே சேறாகக் கொதித்தது. கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, எல்லாம் கூடை கூடையாக ஏறின. மாப்பிள்ளை ஒரு விராலைக் கட்டிப்பிடித்து அதனோடு விழுந்து, எழுந்தபோது கண்ணில் மரண பயம். தண்ணீர் உள்ளே போய்விட்டது! ஓடிப் போய் எங்கள் கோயில் பெரிய சாமியாரிடம் முறையிட்டார். "சாமி, நான் குடிக்கல. ஏரி குடிக்க வச்சிட்டுது." சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேண்டுமென்று குடிக்காததால் குற்றமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

பூசை எப்படி நடந்தது என்று எழுத எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புப் போதாது. பந்தியை மட்டும் எழுதுகிறேன். நடுவில் புதுச் சாமியார். வலப்பக்கம் ராவுத்தர். இடப்பக்கம் கலியபெருமாள். எல்லோர் இலையிலும் ஒரே சோறு, ஒரே குழம்பு. சாமியார் சிலுவை வரைந்தார், ராவுத்தர் வாய்க்குள் ஓதினார், கலியபெருமாள் இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டார். சோறு பரிமாறியும் ராவுத்தர் தன் இலையைத் தொடவில்லை. பேரன் இலையில் இருந்த கெண்டைத் துண்டைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு முள்ளாக எடுத்து, வெறும் சதையைத் திருப்பி வைத்தார். பிறந்ததிலிருந்து "டேய் சவரி" என்று கூப்பிட்ட வாய், "சாப்பிடுங்க சாமி" என்றது. பேரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் அதிகமா என்று மாப்பிள்ளை பந்திக்கே கேட்கும்படி விசாரித்தார்.

இப்படி ஒரு பயணம் போக நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். துப்பாக்கி லைசென்ஸுக்கு அரியலூர், வேட்டைச் சீட்டுக்குப் பெரம்பலூர் என்று பிரித்து நினைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு பகலை வீணாக்கியது போல் ஆக வேண்டாம். எந்த விலங்கு எந்த மாதத்தில் என்று கேட்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கோயில் வாசலில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். யார் பெயரில் சீட்டோ அவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு எழுதி வாங்குங்கள். அவர் தொழுகைக்குப் போயிருந்தால் திரும்பும் வரை பொறுங்கள். பஸ்ஸில் துப்பாக்கி கொண்டு போனால் தோட்டாவைத் தனியாக எடுத்து வையுங்கள். பெரம்பலூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இட்லி நன்றாக இருக்கிறது, அரையணாவுக்கு இரண்டு, சட்னி சுமார். ஏரி மீனுக்குக் குத்தகைக்காரரிடம் நேரில் போய்க் கேளுங்கள், வெற்றிலை பாக்கோடு. முன்பெல்லாம் இந்தச் சட்டங்களை ஏழைகளை அலைக்கழிக்கிற வேலை என்று நினைத்திருந்தேன். அலைச்சல் உண்டுதான். ஆனால் முட்டை மேல் இருக்கும் பறவைக்கும் தண்ணீருக்கு வரும் மாட்டுக்கும் பேசுகிறவர் ஒருவர் வேண்டுமே. அதற்குத்தான் இந்தச் சீட்டு என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியாக, சவரிமுத்து சாமியாருக்கு: அன்றைக்குப் போட்டோ பிடிக்கிறவரை ஏற்பாடு செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த மாதம் ராவுத்தர் வியாபார விஷயமாக நீங்கள் இருக்கும் திருச்சிக்கு வருகிறார், துப்பாக்கி இல்லாமல். அவரைக் கூட்டிக்கொண்டு மலைக்கோட்டைப் பக்கம் ஏதாவது ஸ்டூடியோவுக்குப் போய், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பவும். ஒருவர் உட்கார்ந்து ஒருவர் நிற்கிற மாதிரி வேண்டாம். இரண்டு பிரதி போடச் சொல்லவும், ஒன்று லப்பைக்குடிக்காட்டுக்கு. எங்கள் வீட்டுக்கு வருவதை ரெஜினா இந்தப் பக்கத்தில் ஒட்டுவதற்குக் கேட்பாள். நான் கொடுக்க மாட்டேன். அவளுக்கு மூன்றாவது பிரதி போட்டுக்கொள்ளவும்.